7 வயதுப் பிள்ளைக்கு வென் படம் போட்டுக் கதைகளை ஒப்பிடச் சொல்லித்தரலாமா?

தரலாம். வென் படம் என்றால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள்: இரண்டு கதைக்கும் பொதுவானது நடுவில், ஒன்றில் மட்டும் இருப்பது அதனதன் பக்கத்தில். ஆனால் முதலில் பேப்பரையும் பென்சிலையும் ஒளித்து வையுங்கள்.

‘இரண்டிலும் மரம் இருக்கிறது’ என்பதைத் தாண்டி மகள் எதுவும் எழுதுவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அவள்மேல் தப்பில்லை. எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் இரண்டு வருடம் சொன்னதில்லை.

நான் பாடம் எடுத்த இரண்டாம் வகுப்பில் சிங்கமும் எலியும் கதையையும், சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்த முயல் கதையையும் சொல்லிவிட்டு, அந்த இரண்டு வட்டங்களைப் போட்டுக் கொடுத்தேன். நடுவில் வந்தவை: சிங்கம், காடு, வால். ஒருத்தன் ‘டீச்சர் சொன்னது’ என்று எழுதியிருந்தான். தப்பென்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு அந்த நடுப்பகுதி ஒடுக்கம், இவர்கள் எழுத்தோ குண்டு குண்டு. ஜான் வென் 1880இல் தர்க்கவியலுக்காகப் போட்ட படம். இந்தக் கையெழுத்தை அவர் எங்கே பார்த்தார்!

அடுத்த முறை தரையில் கயிற்றால் இரண்டு வளையம், கையில் அட்டைகள், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ‘சின்ன மிருகம் எப்படித் தப்பித்தது?’ எலி கெஞ்சியது, இடப்பக்கம். முயல் ஏமாற்றியது, வலப்பக்கம். பிறகு, வாயே திறக்காத ஒரு பிள்ளை ‘சிங்கம் சின்னதுதானேன்னு நினைச்சுது’ அட்டையோடு நடுவில் போய் நின்றாள். “எலிக் கதையில நல்ல சிங்கம், விட்டுடுச்சே” என்று ஒரு பையன் மறித்தான். “விட்டுச்சு, ஆனா நீயா எனக்கு உதவப்போறேன்னு சிரிச்சுதுல்ல?” அட்டை மூன்று முறை இடம் மாறியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அட்டவணைதான் மேல் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். ஒரே கேள்விக்கு இரண்டு கதையிலும் பதில் தேட வைக்கும், வட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டவணைக்குள் யாரும் ஏறி நிற்க முடியாது.

அன்றைக்கு மேற்பார்வைக்கு வந்தவர், “மொழிப் பாடத்தில் எதற்குக் கணக்குப் படம்? நோட்டில் ஒன்றுமே காணோமே?” என்றார். மறுநாள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரும்பலகையில் வட்டங்களைப் போட்டு, நடுவில் நானே எழுதினேன். எல்லா நோட்டிலும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு. அடுத்த முறை வந்தபோது ‘மிக நன்று’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.