குளத்துச் சேற்றில் யானைப்பல்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் குளத்தைத் தூர்வாரும்போது அடிச்சேற்றிலிருந்து யானையின் கடைவாய்ப்பல் போல ஒன்று வந்தது. இதில் டி.என்.ஏ. பார்த்து, யானைவேலி எங்கே வரவேண்டும் என்று அதிகாரிகளிடம் காட்டலாமா?

பதில்: பல்லை இன்னும் கழுவவில்லை என்றால் கழுவ வேண்டாம். கழுவியாயிற்றா? சரி, வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். நிழலில் மெல்லக் காயட்டும். பசை, வார்னிஷ் எதுவும் பூசக் கூடாது. கையுறை போட்டே தொடுங்கள். பழைய பல்லில் மிஞ்சியிருக்கும் துளி டி.என்.ஏ.வை உங்கள் வியர்வையில் இருப்பது மூடிவிடும். காய்ந்ததும் கடதாசியில் சுற்றுங்கள். சொப்பிங் பையில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அப்புறம், கிடைத்த இடம், ஆழம், திகதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இடம் தெரியாத எலும்பு பாதி எலும்புதான். 1758இல் ஆசிய யானைக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், அதன் ஊர் இலங்கை என்று எழுதினார். ஆசிய யானை என்று அவர் எடுத்துக்கொண்ட மாதிரிகளில் மதுசாரத்தில் ஊறிய யானைக்கரு ஒன்றும் இருந்தது. அதன் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் ஆராய்ந்து, அது ஆபிரிக்க யானை என்று 2013இல் சொன்னார்கள்!

இனி வேலி. அதை இந்தப் பல் சொல்லாது. எப்போதோ ஒரு யானை அங்கே இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்றைய வழி தெரிய வேண்டுமானால் புதிய இலத்தியில் எடுக்கும் டி.என்.ஏ., கழுத்துப்பட்டியில் பூட்டும் ஜிபிஎஸ், எந்த மாதம் எந்த வயலில் இறங்கின என்ற உங்கள் ஊர்க் கணக்கு இவைதான் வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கை எழுதி வைக்கும் ஊர்கள் குறைவு.

பழைய டி.என்.ஏ.வின் வேலை வேறு. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானை கொடுத்தார்கள். ஆனையிறவின் பெயரே அப்படிக் கடத்திச் சென்ற யானைகளால் வந்தது என்பார்கள். பிடித்துப் பிடித்து அனுப்பியதில் என்னென்ன மரபணு வகைகள் போயின? இன்று இலங்கை ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை 10 வீதத்துக்கும் குறைவு. முன்பும் அப்படித்தானா? இன்றுள்ள யானைகளை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் புல்வெளிக் கோழி என்ற காட்டுப்பறவைகள் 50க்கும் கீழே போயின. அருங்காட்சியகத்தில் இருந்த 1930களின் கோழிகளோடு ஒப்பிட்டபோது, பழையவற்றில் இருந்த சில மரபணு வகைகள் இப்போதையவற்றில் இல்லை. வேறு மாநிலக் கோழிகளைக் கொண்டுவந்து விட்டது சரி என்பதற்கு அது நல்ல ஆதாரமாயிற்று. யானைகளைக் காடு மாற்றும் பேச்சு வரும்போது நமக்கும் அப்படியொரு ஒப்பீடு தேவை.

பெரிய நம்பிக்கை வேண்டாம். யானையின் அழிந்துபோன உறவான மாமூத்தின், 10 இலட்சம் வருடத்துக்கும் முந்திய பல்லில் டி.என்.ஏ. கிடைத்தது சைபீரியாவின் உறைந்த மண்ணில். வன்னி வெக்கையிலும் மாரி ஈரத்திலும் சில நூறு வருடம் தாங்கினாலே பெரிய காரியம்.

பல்லை வீட்டு அலுமாரியில் வைத்திருக்காதீர்கள், சட்டச் சிக்கல் வரலாம். கிராம அலுவலர் மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து ஒப்படையுங்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். பரிசோதனைக்குத் துளைத்தெடுப்பது ஒரு சிட்டிகைத் தூள்தான். உங்கள் குறிப்பின் பிரதி ஒன்றைக் கமக்காரர் அமைப்பிடமும் கொடுத்து வையுங்கள்.