யாருக்கு என்ன பாவம் செய்தோம்?

கேள்வி: நல்லது செய்தால் நல்லதே நடக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். கணவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து, ‘யாருக்கு என்ன பாவம் செய்தோம்’ என்றே மனம் ஓடுகிறது. இந்த நம்பிக்கையை விட்டுவிடுவதுதான் நல்லதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

பதில்: அடியோடு விட வேண்டாம். ‘என் வாழ்க்கை எனக்கு நியாயமாக இருக்கிறது’ என்பது ஒரு நம்பிக்கை. ‘எல்லாருக்கும் அவரவர் செய்ததுதான் திரும்பி வருகிறது’ என்பது வேறொன்று. உளவியல் ஆய்வாளர்களான லிப்கஸ், டால்பெர்ட், சீக்லர் மூவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் திருப்தியோடும் குறைவான மனச்சோர்வோடும் கூடுதலாக ஒட்டிவந்தது முதல் வகைதான். (சுகமாக இருப்பவருக்கு உலகம் நியாயமாகத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.) உழைப்பு வீண்போகாது என்று நம்புகிறவர் நெடுநாள் காரியங்களில் துணிந்து இறங்குவார், சின்னச் சின்ன அநியாயங்களை மனதில் போட்டு உருட்ட மாட்டார்.

பெரிய அடி விழும்போதுதான் சிக்கல். நம்பிக்கையைக் காப்பாற்ற, தண்டனைக்குப் பொருத்தமான குற்றத்தை மனம் தேடத் தொடங்கும். பக்கவாதத்துக்குக் காரணம் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, இதயத்துடிப்புக் கோளாறு, வயது போன்றவை. பாவ புண்ணியம் அதில் இல்லை.

இந்தத் தேடலிலிருந்து வெளிவர, ஒரு தாளின் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் உங்கள் கைக்குள் இருந்தவை, வலப்பக்கம் இல்லாதவை. மூன்று நான்கு நாள், தினம் 15 முதல் 20 நிமிடம் எழுதினால் போதும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம், தூக்கம் கெடும். பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: இன்று தெரிந்ததை அன்றே தெரிந்ததாக எழுதிவிடுவார்கள். ‘தலை சுற்றுகிறது என்றபோதே கூட்டிப்போயிருக்கலாம்’ என்று எழுதினால், பக்கத்திலேயே ‘அது பக்கவாதத்தின் அறிகுறி என்று அன்று தெரியுமா?’ என்று கேளுங்கள். தெரியாது என்றால் அது வலப்பக்கம் போகட்டும். இடப்பக்கம் மிஞ்சுவதை இன்றைய வேலையாக மாற்றுங்கள்: மாத்திரை நேரம், பிபி அளவைக் குறித்துவைப்பது, பிசியோதெரபி.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, குற்ற உணர்வு தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் 14416 இலவச எண், எந்த நேரமும் பேசலாம்.

கேள்வி: நோயாளியைப் பார்க்கப் போகும்போது ‘எல்லாம் முன்வினை’ என்று தேற்றுவது தவறா? (வாசகர், தென்காசி)

பதில்: நோயாளியே சொல்லிக்கொண்டால் அது அவருக்கு ஆறுதலாகலாம். நீங்கள் சொன்னால் குற்றச்சாட்டாகத்தான் விழும். உளவியலாளர்களான லெர்னரும் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட சோதனையில், மின்னதிர்ச்சி வாங்குவதுபோல் நடித்த பெண்ணின் வேதனையை உண்மை என்று நம்பி, தடுக்க வழியில்லாமல் பார்த்திருந்தவர்கள், அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். ‘நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா?’ என்று கேளுங்கள், போதும்.