கோலாலம்பூரில் பழைய பேட்டரிகளை எங்கே போடுவது?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து கோலாலம்பூர் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றில் குடியிருப்பதாகவும், சேர்ந்துவிட்ட பழைய பேட்டரிகளை என்ன செய்வதென்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சமையலறைக் குப்பையோடு சேர்க்க வேண்டாம். காட்மியமும் நிக்கலும், அல்லது பாதரசம், அல்லது லித்தியம் கொண்ட பேட்டரிக் கழிவை மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. சுவர்க் கடிகாரத்தில் போடும் சாதாரண ஆல்கலைன் பேட்டரிகளால் ஆபத்து குறைவு. அதிகக் கவனம் தேவைப்படுவது லித்தியம் வகைக்கு.

சேர்த்து வைப்பதற்குக் காலி மைலோ டின்னை எடுக்காதீர்கள். உலோகத்தில் இரு முனைகளும் பட்டால் மின்னோட்டம் பாய்ந்து பேட்டரி சூடேறும். பிளாஸ்டிக் போத்தலே நல்லது. 9 வோல்ட் பேட்டரியில் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதால், அவற்றின் மீது செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். உப்பிய கைப்பேசி பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது.

பிறகு, கொண்டோ நிர்வாக அலுவலகத்தில் மின்னணுக் கழிவுப் பெட்டி உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் உள்ள சேகரிப்பு மையங்களில் ஒன்றை அழைத்து, தனிப் பேட்டரிகளை வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.