திருமணிமுத்தாறு ஆவணப்படம்: கைதட்டல் வருகிறது, மாற்றம் வரவில்லையே?

சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாற்றின் மாசு பற்றிய உங்கள் ஆவணப்படத்தின் அடுத்த திரையிடலைக் கிராம சபையில் வையுங்கள். 40 நிமிடப் படத்தை 8 நிமிடமாக வெட்டி, முடிவில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் போதும்.

சேலத்துக் கல்லூரிகளில் எல்லோரும் பாராட்டியும் ஆற்றில் கழிவு கலப்பது நிற்கவில்லை என்கிறீர்கள். பார்த்தவர்கள் கையில் தீர்மானம் போடும் அதிகாரம் இல்லை. அதுதான் காரணமாக இருக்கும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாள்களில் சபை கூடும். ஆற்றோர ஊர்க்காரரே எழுந்து கேட்கட்டும். தீர்மான நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள்.

நான் எங்கள் ஊரில் இப்படி ஒரு படம் போட்டபோது, ஒரு பாட்டி குடத்தின் அடியில் படிந்த மஞ்சள் கறையை நகத்தால் சுரண்டிக் காட்டும் இடத்தில்தான் கூட்டம் அப்படியே அமைதியானது. ட்ரோன் காட்சிகளுக்கு யாரும் அசையவில்லை. அந்த மாதிரி ஒரு காட்சியை முதல் நிமிடத்திலேயே வையுங்கள்.

வெட்டியதும் ஐந்து பேருக்குக் காட்டி, "இப்போ யார், என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் மறுபடி வெட்ட வேண்டும்.

அப்புறம், கழிவு விடும் பட்டறைகளின் தொழிலாளிகள் முகத்தை அவர்கள் சம்மதமில்லாமல் காட்டாதீர்கள், வேலை போய்விடும். வெட்டாத மூலக் கோப்புகளையும் பத்திரமாக வையுங்கள். வழக்கு என்று போனால், மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கான பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.