மாறலாமா, வேண்டாமா? ஐபோன் – ஆண்ட்ராய்டு கேள்வி பதில்

2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்: "இதுவா, அதுவா?" போனைப் பற்றி மட்டும் கேட்டால் பதில் சுலபம். எண்பதாயிரத்துக்கு விற்கும் எந்த போனும் இன்று மோசமில்லை. தலைவலியெல்லாம் பழைய போனைச் சுற்றி வருடக்கணக்கில் சேர்ந்துகிடக்கும் சமாச்சாரங்களில்தான். அப்படிப்பட்ட கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

நான்கரை வருடமாக சாம்சங் கேலக்ஸி எஸ்21 வைத்திருக்கிறேன். ஆபீஸில் எல்லோர் கையிலும் ஐபோன். பட்ஜெட் எண்பதாயிரம் சொச்சம். ஐபோன் 17, சாம்சங் எஸ்25, கூகுள் பிக்சல் 10, இந்த மூன்றில் எது?
– வங்கி ஊழியர், மதுரை

அறிமுக விலை ஐபோன் 17-க்கு 82,900 ரூபாய், எஸ்25-க்கு 80,999, பிக்சல் 10-க்கு 79,999. மூன்றிலும் 256 ஜிபி. 2024-ல் வந்த ஐபோன் 16 வரைக்கும் "இவ்வளவு கொடுத்தும் 60 ஹெர்ட்ஸ் திரைதானா, 128 ஜிபிதானா" என்று ஆண்ட்ராய்டுக்காரர்கள் கேலி செய்ய முடிந்தது. 17-ல் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை, வந்துவிட்டது. அந்த வாய்ச்சண்டை ஓய்ந்தது. மிச்சமிருக்கும் பெரிய வித்தியாசம் ஜூம். எஸ்25-ல் 3 மடங்கு, பிக்சல் 10-ல் 5 மடங்கு டெலிபோட்டோ லென்ஸ் தனியாக உண்டு. ஐபோன் 17-ல் கிடையாது. பள்ளி ஆண்டு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் மகளைப் படம் எடுப்பவர் என்றால் இது சின்ன விஷயமில்லை.

ஒன்று கவனித்தேன். எஸ்21 மேல் நீங்கள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது: 2021 ஜனவரியில் வந்த அந்த போனுக்கு சாம்சங் தருவதாகச் சொன்ன பாதுகாப்பு அப்டேட் ஐந்து ஆண்டுக்குத்தான். 2026 தொடக்கத்தோடு அந்தக் கணக்கு முடிகிறது. வங்கி ஆப்களை எல்லாம் அதில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் இழுப்பது சரியில்லை. எனவே போனை மாற்றுங்கள், கட்சி மாற வேண்டாம், ஆண்ட்ராய்டிலேயே இருங்கள். எஸ்25-க்கும் பிக்சல் 10-க்கும் 7 ஆண்டு அப்டேட் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆப்பிள் அப்படி எண் சொல்லி விளம்பரம் செய்வதில்லை. ஆனால் 2019-ல் வந்த ஐபோன் 11-க்கு 2025-ல் ஆப்பிளின் இயக்கு மென்பொருளான ஐஓஎஸ் 26 கிடைத்தது. இந்த விஷயத்தில் மூவரும் ஏறக்குறைய சமம்.

ஆபீஸில் எல்லோரும் வைத்திருப்பதுதான் உண்மையான காரணம் என்றால் அதுவும் ஒரு காரணம்தான், வாங்குங்கள். கேமராவுக்காக என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

என் வியாபாரமே வாட்ஸ்அப்பில்தான். ஆறு வருட ஆர்டர், கணக்கு, சாம்பிள் படம் எல்லாம் அதில் இருக்கிறது. ஐபோனுக்குப் போனால் எல்லாம் போய்விடும் என்கிறார் கடைக்காரர். நிஜமா?
– நூல் கமிஷன் ஏஜென்ட், திருப்பூர்

பாதி நிஜம். கூகுள் டிரைவில் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஏறும் அந்த பேக்கப்பை ஐபோன் தொடாது. ஐபோனின் ஐக்ளவுட் பேக்கப்பை ஆண்ட்ராய்டும் தொடாது. ஆனால் 2022-லிருந்து நேர்வழி ஒன்று இருக்கிறது. பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பைப் போட வேண்டும். புது ஐபோனை முதன்முதலாக ஆன் செய்து அமைக்கும்போது, ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவரவா என்று ஒரு திரை கேட்கும். அங்கே பிடித்தால்தான் உண்டு.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடையில் பில் போடுவதற்குள் ஒரு தம்பி நல்லெண்ணத்தோடு போனைப் பிரித்து, வைஃபை கொடுத்து, ஆப்பிள் கணக்கு திறந்து, ஸ்கிரீன் கார்டும் ஒட்டி "ரெடி சார்" என்று நீட்டுவார். அந்தத் திரை அதோடு போச்சு. மறுபடி வேண்டுமென்றால் போனை முழுதாக அழித்து முதலிலிருந்து வர வேண்டும். ஆகவே "சீல் மட்டும் பிரிங்க, ஆன் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு போனையும் சார்ஜரில் போடுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் எண்ணும் அதே எண்ணாக இருக்க வேண்டும். வேலை ஓடும்போது பழைய போனில் வேறு ஆப்புக்குத் தாவாதீர்கள், அழைப்பு வந்தாலும் எடுக்காதீர்கள். ஆறு வருடச் சரக்கு என்றால் சில மணி நேரம் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே குடும்பக் குழுக்களில் குவிந்த குட்மார்னிங் வீடியோக்களை அள்ளிக் கொட்டிவிட்டால் சுமை பாதியாகும். அரட்டை, படம், குரல் செய்தி எல்லாம் வரும். யார் யார் எப்போது அழைத்தார்கள் என்ற பட்டியல் வராது.

எல்லாம் வந்துவிட்டதா என்று பழைய ஆர்டர் நாலைந்தைத் தேடிப் பாருங்கள். அதுவரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். கடைக்காரர் அன்றைக்கே கொடுத்தால் கூடுதல் போனஸ் என்பார். கொடுக்காதீர்கள்.

பென்ஷன் கணக்கு, கரன்ட் பில், மருந்துக்கடை எல்லாம் யுபிஐதான். போன் மாற்றினால் பணத்துக்கு ஏதாவது ஆகுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பணம் வங்கியில் இருக்கிறது, போனில் இல்லை. அதற்கு ஒன்றும் ஆகாது அம்மா. ஆனால் யுபிஐ ஆப் உங்கள் சிம்மையும் போனையும் சேர்த்துத்தான் அடையாளம் காண்கிறது. புது போனில் உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு திறக்கும். ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்துவிட்டால் அது தானாகவே போய்விடும். ஐபோனில் ஆப்களுக்கு அப்படி அனுப்பும் உரிமை கிடையாது. புரியாத எழுத்துகளோடு ஒரு செய்தி தயாராக நிற்கும், அனுப்பும் அம்புக்குறியை நீங்களே அழுத்த வேண்டும். எதையும் திருத்தாமல் அழுத்துங்கள். ரீசார்ஜ் முடிந்த சிம் என்றால் செய்தி போகாது. இரண்டு சிம் இருந்தால் வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்துதான் போகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். போன் மாறியதும் மோசடியைத் தடுக்க யுபிஐ வரம்பைக் குறைத்து வைப்பார்கள். பல வங்கிகளில் ஆண்ட்ராய்டு என்றால் முதல் 24 மணி நேரம், ஐபோன் என்றால் 72 மணி நேரம், மொத்தமாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. கல்யாண மண்டபத்துக்கு பாக்கி கட்ட வேண்டிய வாரத்தில் போன் மாற்றாதீர்கள்.

ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்கு வரும்போது ஐபோன் 17 ப்ரோ கொண்டு வருகிறேன் என்கிறார். அங்கே விலை குறைவு. வாங்கலாமா? ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் போன் இங்கே ஏன் இவ்வளவு விலை?
– மென்பொருள் பணியாளர், சென்னை

முதலில் அண்ணன் விஷயம். அமீரகத்தில் விற்கும் ஐபோன் 17, 17 ப்ரோ இரண்டிலும் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்த இ-சிம் மட்டும்தான். சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாம் அப்படித்தான். அமெரிக்காவில் ஐபோன் 14-லிருந்தே இந்தக் கதை. இங்கே ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன, வேலை நடக்கும். ஆனால் போன் தண்ணீரில் விழுந்து செத்தால் சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனில் போட்டு ஓடிபி வாங்குவது முடியாது. அமீரகத்தில் வாங்கிய போனில் ஆப்பிளின் வீடியோ அழைப்பு வசதியான ஃபேஸ்டைம் கிடைக்காமலும் போகலாம். இரண்டும் பரவாயில்லை என்றால் அண்ணனிடம் சரி சொல்லுங்கள்.

விலைக்கு வருவோம். சாதாரண ஐபோன் 17-க்கு அமெரிக்காவில் 799 டாலர், விற்பனை வரி தனி. நம்மூர் 82,900-ல் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அதைக் கழித்தால் 70,254. டாலர் 88 ரூபாய் இருந்தபோது 799 டாலர் என்பது 70,312. ஆக, வித்தியாசம் என்று எல்லோரும் புலம்புவது பெரும்பாலும் நம் வரிதான். ப்ரோவுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. 1,34,900-ல் வரி போக 1,14,322 நிற்கிறது, அங்கே 1,099 டாலர், அதே மாற்று மதிப்பில் 96,712. அந்தப் பதினேழாயிரம் சொச்சத்துக்கு ஆப்பிள்தான் பதில் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் நடப்பது பாகங்களைக் கோத்து முடிக்கும் வேலை. சிப்பும் திரையும் கேமராவும் வெளியிலிருந்துதான் வருகின்றன. ஊர் பக்கம் என்பதால் விலை குறையாது.

எந்த போனில் எடுத்தாலும் என் முகம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்து வருகிறது. நான் நல்ல கறுப்பு. எந்த கேமரா என்னை என் நிறத்திலேயே காட்டும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள். எஸ்25 அல்ட்ராவில் 200 என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். உங்கள் பிரச்சினை லென்ஸில் இல்லை, படம் எடுத்த நொடியில் மென்பொருள் செய்யும் வேலையில் இருக்கிறது. இருட்டு என்று நினைத்து முகத்தைத் தூக்கிவிடும், பியூட்டி மோட் வேறு அதற்கு மேல் மாவு தடவும். அதை முதலில் அணையுங்கள். கறுப்பு, மாநிற முகங்களைச் சரியாகக் காட்டவென்றே கூகுள் 2021-ல் பிக்சல் 6-லிருந்து 'ரியல் டோன்' என்ற வேலையைச் செய்துவருகிறது. என் கண்ணுக்கு நம் நிறங்களில் பிக்சல்தான் ஒரு படி மேல். ஐபோன் 16-லிருந்து ஃபோட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ் என்ற கேமரா அமைப்பில் சரும நிறத்தின் சாயலைத் தனியாகத் திருத்தலாம், ஆனால் அதை நீங்கள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கடைக்குப் போனால் உள்ளே குழல் விளக்கின் கீழ் எடுக்காதீர்கள். வாசல் பக்கம், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று மூன்று போனிலும் எடுத்துப் பாருங்கள். காதோரமும் கழுத்தும் முகமும் ஒரே நிறமாக வருகிறதா என்று பாருங்கள்.

பைக்கில்தான் நாள் முழுக்க. ஹேண்டில்பாரில் மாட்டி மேப் பார்ப்பேன். ஐபோன் வெயில் தாங்குமா?
– மருந்து விற்பனைப் பிரதிநிதி, வேலூர்

ஐபோனைப் பயன்படுத்தச் சரியான சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் நிற்கும். ஆண்ட்ராய்டு போன்களும் இதையேதான் செய்யும். 17 ப்ரோவில் டைட்டானியத்தை விட்டு அலுமினியத்துக்கு மாறி, உள்ளே சூட்டைப் பரப்பித் தணிக்கும் வேப்பர் சேம்பரும் வைத்திருக்கிறார்கள். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும் என்பதால் நிலைமை கொஞ்சம் மேல்.

வெயிலைவிட எனக்குக் கவலை அந்த ஹேண்டில்பார். கேமராவுக்குள் ஆட்டத்தைச் சமாளிக்க லென்ஸ் மிதந்தபடி இருக்கும். பைக் இன்ஜின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது கெடலாம் என்று 2021-லேயே ஆப்பிள் எச்சரித்திருக்கிறது. இப்படிப்பட்ட கேமரா உள்ள எல்லா போனுக்கும் இது பொருந்தும். மேப்புக்கு ஒரு பத்தாயிரம் ரூபாய் போனை மாட்டிக்கொண்டு, நல்ல போனைப் பையில் வையுங்கள்.

ஐபோனில் தமிழ் டைப் செய்ய முடியுமா?
– திருச்சி வாசகர்

முடியும். தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன, எதையும் இறக்க வேண்டாம். முத்து நெடுமாறனின் செல்லினம் விசைப்பலகை பழகியவர்களுக்கு அதுவும் ஆப் ஸ்டோரில் கிடைக்கும்.

அழைப்புகளைப் பதிவு செய்யும் வழக்கம் எனக்கு. ஐபோனில்?
– ரியல் எஸ்டேட் புரோக்கர், செங்கல்பட்டு

2024-ல் வந்த ஐஓஎஸ் 18.1-லிருந்து உண்டு. ஆனால் பதிவு தொடங்குவதை எதிராளிக்கும் கேட்கும்படி அறிவித்துவிடும், அதை அணைக்க வழியில்லை. அது நல்லதுதான் என்பது என் கட்சி. உங்கள் தொழிலில் அது ஒத்து வராது என்று தோன்றுகிறது.

எட்டு வருட ஐபோன் சலித்துவிட்டது. ஆண்ட்ராய்டுக்கு வர ஆசை. ஆப்பிள் வாட்ச், ஏர்பாட்ஸ், ஐக்ளவுடில் மொத்தக் குடும்பப் படங்களும் இருக்கின்றன.
– கட்டடக்கலைஞர், கோவை

வாட்சை விற்றுவிடுங்கள். ஆண்ட்ராய்டோடு அது சேரவே சேராது. ஏர்பாட்ஸ் சாதாரண புளூடூத் இயர்போனாக உயிரோடு இருக்கும். படங்களுக்கு ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் நுழைந்து, கூகுள் போட்டோஸுக்குப் பிரதி அனுப்பச் சொல்லலாம். மூன்று முதல் ஏழு நாள் ஆகும். கூகுளில் இலவச இடம் 15 ஜிபிதான், அதில் ஜிமெயிலும் சேர்த்தி. எட்டு வருடப் படத்துக்கு அது போதாது, முதலிலேயே இடம் வாங்கிவிடுங்கள்.

சிம்மைக் கழற்றும் முன் பழைய ஐபோனில் ஐமெசேஜை அணையுங்கள். மறந்தால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் உங்கள் கைக்கு வராமல் அந்தரத்தில் நிற்கும். மனைவியும் குழந்தைகளும் ஐபோனிலேயே இருப்பார்கள் என்றால் பிக்சல் 10-ஐப் பாருங்கள். 2025 நவம்பரில் பக்கத்து போனுக்குப் படம் அனுப்பும் தன் குயிக் ஷேர் வசதியை ஐபோனின் ஏர்டிராப்போடு கூகுள் பேச வைத்தது அந்த போனில்தான். ஐபோன் பக்கம் 'எல்லோருக்கும் 10 நிமிடம்' என்று திறந்து வைத்தால் படங்கள் நேராகப் போகும், வரும்.

ஏஐ வசதிகளுக்காக போன் மாற்றலாமா?
– சேலம் வாசகர்

வேண்டாம்.

நான் புது ஐபோன் வாங்குகிறேன். பழைய ஐபோன் 13 நன்றாகவே இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா? அம்மா பத்து வருடமாக ஆண்ட்ராய்டுதான்.
– பெங்களூரில் வசிக்கும் நாகர்கோவில்காரர்

போன் நல்லதுதான். ஆனால் அம்மா இப்போது வைத்திருப்பதில் திரைக்கு அடியில் மூன்று பட்டன் இருக்கும், அதில் ஒன்று 'பின்னால் போ'. எந்த ஆப்புக்குள் தவறிப் போனாலும் அதை நாலு தடவை தட்டினால் வீடு வந்து சேரலாம் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஐபோனில் அந்தப் பட்டன் இல்லை. ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும், சில ஆப்களில் மேல் மூலையில் சின்ன அம்பைத் தேட வேண்டும். நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் அவர் கேட்கப் போவது பக்கத்து வீட்டில், பக்கத்து வீட்டில் என்ன போன் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் ஐபோன் 13-ஐ எக்ஸ்சேஞ்சில் போட்டு, வரும் காசில் அவர் இப்போது வைத்திருக்கும் அதே கம்பெனியின் புது போன் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும் முன் எழுத்தளவைப் பெரிதாக்கி, அந்த மூன்று பட்டனை செட்டிங்ஸில் திரும்ப வரவழைத்து வையுங்கள். பல புது போன்களில் அது மறைந்துதான் வருகிறது.