ஐ.பி. போட்டா வீடும் காரும் தப்புமா? – கேள்வி பதில்

பனியன் ஜாப்-ஒர்க்ல நஷ்டம். வீட்டு லோன், கார் லோன், அதுக்கு மேல கைமாத்து, கிரெடிட் கார்டு. ஐ.பி. (கோர்ட்டுல போடற திவால் மனு) போட்டா வீட்டையும் காரையும் யாரும் தொட முடியாதுன்னு ஒரு புரோக்கர் சொல்றார். நிஜமா? – திருப்பூர் வாசகர்

பொய். அவருக்கு பீஸ் குடுத்துட்டீங்கன்னா அதையும் நஷ்டக் கணக்குல எழுதிக்கோங்க.

ஐ.பி.யை தாயத்து மாதிரி விக்கிறவங்களைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். 2016ல வந்த புது திவால் சட்டத்துல தனிநபர் பகுதி, கம்பெனி கடனுக்கு பர்சனல் கேரன்டி போட்டவங்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர்லருந்து நடைமுறையில இருக்கு. மத்தவங்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்து சட்டம்தான், சென்னைக்கு 1909, வெளியூருக்கு 1920. அந்த 1920 சட்டம் 28ஆம் பிரிவே சொல்லுது, அடமானம் வாங்கினவன் அந்த அடமானத்தை வித்து எடுத்துக்கறதை திவால் தடுக்காதுன்னு. பத்திரம் பேங்க்ல இருக்கிற வீடு, ஆர்.சி. புக்குல எச்.பி. (வண்டி மேல லோன் இருக்குங்கிற பதிவு) ஏறியிருக்கிற காரு, ரெண்டுக்கும் ஐ.பி. கவசம் கிடையாது. கைமாத்துக்காரங்க, கார்டுக்காரங்க தொல்லைதான் கோர்ட்டு வழியா அடங்கும்.

அடமானமே இல்லாத வீடுன்னா இன்னும் மோசம், அது அபிஷியல் ரிசீவர், அதாவது திவாலானவங்க சொத்தைப் பாத்துக்கற கோர்ட்டு அதிகாரி கைக்குப் போகும். விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்றவங்க குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு விலக்கு இருக்கு. உங்களுக்கு இல்லை.

வீட்டைக் காப்பாத்துற வேலை பேங்க் மேனேஜர் டேபிள்ல நடக்கணும், அதுவும் தவணை நிக்கிறதுக்கு முன்னாடி. தவணை பாக்கி 90 நாள் தாண்டினா கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன், அப்புறம் சர்ஃபாசி சட்டப்படி (பேங்க் அடமானச் சொத்தை எடுத்து விக்க வழி பண்ற சட்டம்) 60 நாள் நோட்டீஸ். அந்தக் கவரைப் பிரிக்காம பீரோவுல வைக்கிறவங்க எத்தனை பேரு தெரியுமா? பிரிச்சுப் படிங்க சாமி. ஆட்சேபணையை எழுத்துல குடுத்தா 15 நாள்ல அவங்க பதில் சொல்லியாகணும். வீட்டைக் கையில எடுக்கிறோம்னு பொசஷன் நோட்டீஸ் ஒட்டிட்டா 45 நாளுக்குள்ள டி.ஆர்.டி.க்கு (கடன் வசூல் தீர்ப்பாயம்) போங்க, கோயம்புத்தூர்லயே இருக்கு. முழுப் பாக்கியைக் கட்டி மீட்கப் போறீங்கன்னா ஏல அறிவிப்பு வெளியாகறதுக்கு முன்னாடியே கட்டிடுங்க, ஏலத்தன்னைக்கு காலையில பணத்தோட போய் நிக்கறதெல்லாம் சர்ஃபாசி சட்டத்துக்கு 2016ல வந்த திருத்தத்தோட முடிஞ்சுபோச்சு.

காரை? வித்துடுங்க. இப்பவே, பைனான்ஸ்காரங்களுக்கு சொல்லிட்டு.

ஐ.பி. போடறதுக்கு முன்னாடி இன்னொரு வீட்டை மனைவி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடலாமா? – சேலம்

சும்மா எழுதிக் குடுத்து ரெண்டு வருஷத்துக்குள்ள திவால் மனு விழுந்து, கோர்ட்டும் திவால்னு அறிவிச்சா, எழுதிக் குடுத்ததை ரிசீவர் ரத்து பண்ண வைக்கலாம். கடன் குடுத்தவங்களுக்கும் வீடு வாசல் இருக்கு சார்.

கார் தவணை மூணு பாக்கி. ராத்திரி ஒம்போது மணிக்கு ரெண்டு பேர் வந்து சாவி கேக்குறாங்க. காரை மாமனார் வீட்ல மறைச்சு வைக்கலாமா? – மதுரை

மறைக்காதீங்க, கேஸ் உங்க மேலயே திரும்பிடும். வசூல் ஏஜென்ட் காலையில எட்டுக்கு முன்னாடியும் சாயந்திரம் ஏழுக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022ல தெளிவா சொல்லியிருக்கு. வந்தவங்க ஐ.டி. கார்டை போட்டோ எடுங்க, கம்பெனிக்கு மெயில் போடுங்க, அசையலைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (புகார் விசாரிக்கிற அதிகாரி) போங்க. காரை ஒப்படைக்கிறதா இருந்தா கிலோமீட்டர், ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம் வரைக்கும் எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. ஏலத்துல கம்மியா போனா மிச்சத்தையும் உங்ககிட்டதான் கேப்பாங்க. ஏழு வருஷ லோன்ல எதுக்கு டாப் மாடல்னு கேக்கலாம்னு பாத்தேன், நானும் சன்ரூஃபுக்கு தண்டம் அழுதவன், விக்கும்போது அதுக்கு ஒருத்தனும் அஞ்சு ரூபா கூட ஏத்தித் தரலை.

நகையை வச்சு பழைய கார் வாங்கினேன். வித்தவர் லோன் பாக்கியை மறைச்சிட்டார், பைனான்ஸ்ல வந்து வண்டியைத் தூக்கிட்டாங்க. இப்ப அவர்கிட்டருந்து மஞ்சக் கடுதாசி (ஐ.பி. நோட்டீஸ்) வந்திருக்கு. என் பணம் போச்சா? – விழுப்புரம் சகோதரி

உடனே போச்சுன்னு முடிவு கட்டாதீங்கம்மா. அந்த நோட்டீஸ்ல எந்த சப் கோர்ட்டு, என்ன தேதின்னு இருக்கும், அன்னைக்கு வக்கீலோட போய் நில்லுங்க. நிறைய பேர் மஞ்சக் கடுதாசியைப் பாத்ததும் மனசு விட்டுடறாங்க, அனுப்பறவனுக்கு வேண்டியதே அதுதான். ஏமாத்தி வாங்கின கடன் திவால்ல கழியாது, அதே 1920 சட்டம் 44ஆம் பிரிவு. அவர் கடன்லருந்து விடுதலைன்னு கோர்ட்டு உத்தரவு வாங்கினாலும் உங்க பாக்கி நிக்கும். பணம் அனுப்பின ஜி.பே. ரசீது, வாட்ஸப் பேச்சு, டெலிவரி நோட், எதையும் அழிக்காதீங்க. மோசடின்னு போலீஸ்ல தனியா புகார் குடுங்க. உங்க மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரலை, ஆனா இதைப் படிக்கிற மத்தவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பரிவாகன்ங்கிற அரசாங்க வாகன சைட்டுல எச்.பி. இருக்கான்னு பாருங்கய்யா, ரெண்டு நிமிஷ வேலை.

நான் டெய்லர், நானே ஐ.பி. போடப் போறேன். தையல் மிஷினையும் தாலியையும் எடுத்துடுவாங்களா? – ஈரோடு

மாட்டாங்க. சமையல் பாத்திரம், பாய் தலகாணியும் உங்களோடதுதான். ஆனா மிஷினையே தவணையில வாங்கியிருந்தா முதல் பதிலை இன்னொரு தடவை படிங்க.