பெயரளவுக்கு ஒரு கையொப்பம்: விலங்குப் பரிசோதனையின் முதன்மை ஆய்வாளருக்குச் சட்டம் விதிக்கும் பொறுப்பு

கேள்வி: நான் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியராக ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முனைவர் பட்டம் பெற்றிருந்தாலும், என் ஆய்வு முழுவதும் செல் வளர்ப்பில் நடந்ததால் எலிகளைக் கையாண்ட அனுபவம் இல்லை. எங்கள் துறைத் தலைவர் முதன்மை ஆய்வாளராக இருந்து, 36 விஸ்டார் இன எலிகளைக் கொண்டு நடத்தும் நீரிழிவு ஆய்வுக்கு எங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருந்தார். நீரிழிவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்ட முதல் வாரத்தில் 8 எலிகள் இறந்துவிட்டன. ஆய்வு மாணவர், வேறொரு திட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த 12 எலிகளை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்து இதில் சேர்த்துவிட்டார். துறைத் தலைவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். "நீங்க பேருக்கு இருங்கம்மா, வேலையெல்லாம் பையன் பாத்துக்குவான்" என்று சொல்லி, ஆய்வாளர் மாற்றக் கடிதத்தில் என்னைக் கையொப்பமிடச் சொல்கிறார். அதில் எலிகள் இறப்பதற்கு முந்தைய மாதத்தின் தேதி போடப்பட்டிருக்கிறது. முதன்மை ஆய்வாளராக இருக்க எனக்குத் தகுதி உண்டா? கையொப்பமிட்டால் எதற்கெல்லாம் பொறுப்பாவேன்? மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்பாக, ஆய்வாளர் மாற்றக் கடிதத்தில் போடப்பட்டிருப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்தத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலிகள் இறப்பதற்கு முன்பே நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டதாக அந்தக் கடிதம் காட்டினால், 8 எலிகளின் இறப்பும், அனுமதியில்லாமல் 12 எலிகள் சேர்க்கப்பட்டதும் உங்கள் பொறுப்பில் நடந்தவையாக ஆவணத்தில் நின்றுவிடும். உங்கள் துறைத் தலைவர் இதை எண்ணித்தான் செய்கிறாரா, அல்லது ஓய்வுக்கு முன் கோப்பை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. எந்த நோக்கமாக இருந்தாலும் விளைவு ஒன்றே. ஆகவே அந்தக் கடிதத்தில் அந்தத் தேதியோடு கையொப்பமிடாதீர்கள். நடக்காத நாளில் நடந்ததாக ஓர் ஆவணத்தை உருவாக்கி, அதை ஒரு சட்டபூர்வக் குழுவின் முன் வைப்பது, மோசடி நோக்கம் இருந்ததாகக் காட்டப்படுமானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் போலி ஆவணப் பிரிவுகள் வரை இழுத்துச் செல்லக்கூடிய செயலாகும்.

இனி தகுதிக்கு வருகிறேன். விலங்குகள் மீதான பரிசோதனைகளை ஒழுங்குபடுத்துவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் அத்தியாயமும், அதன் கீழ் 1998-இல் இயற்றப்பட்டு 2001-லும் 2006-லும் திருத்தப்பட்ட வளர்ப்பு மற்றும் பரிசோதனை விதிகளும் ஆகும். 'முதன்மை ஆய்வாளர் இன்ன பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும்' என்று இச்சட்டம் எங்கும் நேரடியாகச் சொல்லவில்லை. பரிசோதனையைச் செய்யும் கை யாருடையது, அதை அருகிலிருந்து மேற்பார்வையிடுபவர் யார் என்பதையே விதிகள் பார்க்கின்றன. கால்நடை மருத்துவம், மருத்துவம், ஆய்வக விலங்கு அறிவியல் போன்ற துறைகளில் அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ பட்டயமோ பெற்ற ஒருவர் தாமே செய்ய வேண்டும், அல்லது அவருடைய மேற்பார்வையில் அது நடக்க வேண்டும். எனவே உயிர்வேதியியலில் முனைவரான நீங்கள் ஆய்வின் அறிவியல் தலைமையை ஏற்கத் தடையில்லை. ஆனால் எலிக்கு ஊசி போடுவதும், இரத்தம் எடுப்பதும், மயக்கம் கொடுப்பதும் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் நடக்கின்றன என்பது விண்ணப்பத்திலேயே பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கால்நடை மருத்துவர் அந்தப் பெயருக்குரியவராக இருக்கலாம். அவரிடம் கேட்காமல் அவர் பெயரை எழுதக்கூடாது. நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டும், ஓய்வுக்கு இத்தனை ஆண்டுகள் மீதமிருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் பல்கலைக்கழகங்கள் தாமாக வகுத்துக்கொண்டவை. அவற்றை உங்கள் நிறுவனத்தின் விதித்தொகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி இல்லாதது இதைவிடப் பெரிய தடை. ஒப்புதலுக்கான விண்ணப்பமான பி படிவத்தின் இறுதியில் ஆய்வாளரின் உறுதிமொழி ஒன்று இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகக் கோப்பில் துறைத் தலைவர் கையொப்பமிட்ட பிரதி இருக்கும். எல்லாவற்றுக்கும் முன் அதை வாங்கிப் படியுங்கள். இந்த ஆய்வு ஏற்கெனவே செய்யப்பட்ட ஒன்றைத் தேவையில்லாமல் திரும்பச் செய்வதல்ல என்றும், விலங்குகளைத் தொடும் ஒவ்வொருவரும் அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்றவர் என்றும், மாற்று வழிகள் உண்டா என்று நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆராய்ந்து பார்த்துவிட்டேன் என்றும், ஆய்வில் குறிப்பிடத்தக்க எந்த மாற்றத்தையும் தொடங்குவதற்கு முன் குழுவின் ஒப்புதலைப் பெறுவேன் என்றும், பதிவேடுகளை டி படிவத்தில் பராமரிப்பேன் என்றும், பரிசோதனைக்குப் பின் விலங்குகளைப் பராமரிப்பதற்கான மறுவாழ்வுக் கொள்கையைப் பின்பற்றுவேன் என்றும் அதில் ஆய்வாளர் உறுதி கூறுகிறார். இவை ஒவ்வொன்றும் 'நான்' என்ற தன்மையில் எழுதப்பட்டவை. 'மாணவர் பார்த்துக்கொள்வார்' என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஓரிடமும் இல்லை. கூடுதலாக 12 எலிகள் சேர்க்கப்பட்ட அன்றே அந்த நான்காவது உறுதி மீறப்பட்டுவிட்டது.

விலங்குகளின் எண்ணிக்கையைச் சட்டம் ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்று உங்கள் மாணவருக்கும் விளக்க வேண்டியிருக்கும். புள்ளியியல் முறையில் 95 விழுக்காடு நம்பகத்தன்மை தரும் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே விலங்குகளைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. 36 என்ற எண் குழுவின் முன் அப்படி நியாயப்படுத்தப்பட்ட எண். 8 இறந்துவிட்டன என்றால், அந்த இறப்புகளே குழுவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய செய்தி. மருந்தின் அளவு அதிகமா, ஊசி போடுபவருக்குப் பயிற்சி போதவில்லையா, ஊசிக்குப் பின் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும் நேரத்தில் குளுக்கோஸ் நீர் வைக்கத் தவறினார்களா என்று ஒரு கால்நடை மருத்துவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே இன்னும் 12 உயிர்கள் அதே கைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான்.

மனிதருக்கு வலியும் துன்பமும் தரும் எந்தச் செயல்முறையும் விலங்குக்கும் அதே போன்ற வலியைத் தரும் என்று, மாறாக அறிவியல் நிறுவாத வரை, ஆய்வாளர் கருதியே நடக்க வேண்டும் என்று விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. நம் நாட்டின் சட்டங்களில் நான் மிகவும் மதிக்கும் வரிகளில் இதுவும் ஒன்று. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலி ஓயாமல் நீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். மாலையில் போட்ட உமிப் படுக்கை காலைக்குள் நனைந்து கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை கூண்டை மாற்றும் வழக்கமான அட்டவணை அந்த எலிக்குப் போதாது. அதைக் கவனித்து, 'இந்தக் கூண்டுகளை நாள்தோறும் மாற்றுங்கள்' என்று சொல்ல வேண்டியவரும், எடை எவ்வளவு குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து விடுவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவரும் முதன்மை ஆய்வாளரே. விலங்குக் கூடத்துக்குள் போகாத ஒருவரால் இவற்றில் எதையும் செய்ய முடியாது.

சட்டத்தின் பார்வையில் யார் மீது எந்தப் பொறுப்பு விழுகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தில் பரிசோதனை நடந்தால் அதற்கான பொறுப்பு நிறுவனத்தின் பொறுப்பாளர் மீது வைக்கப்படுவதை விதிகளின் வழியே உறுதிசெய்யலாம் என்கிறது 17-ஆம் பிரிவு. 20-ஆம் பிரிவின்படி, தடை உத்தரவோ நிபந்தனையோ நிறுவனத்தில் மீறப்பட்டால் அந்தப் பொறுப்பாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். அதற்கான அபராதம் இன்றும் 200 ரூபாய் வரைதான். 1960-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. இது திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இந்தத் தொகையைப் பார்த்து எவரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். 18-ஆம் பிரிவின் கீழ் ஆய்வு அதிகாரி நிறுவனத்துக்குள் வந்து, பரிசோதனை தொடர்பாக எவரும் வைத்திருக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். 19-ஆம் பிரிவின் கீழ், விளக்கம் அளிக்க வாய்ப்புக் கொடுத்த பின், விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடும் மத்தியக் குழு ஒரு நிறுவனத்தையோ தனிநபரையோ குறிப்பிட்ட காலத்துக்கோ காலவரையின்றியோ பரிசோதனை செய்வதிலிருந்து தடைசெய்யலாம். 'தனிநபர்' என்ற அந்தச் சொல் உங்களைக் குறிக்கக்கூடியது. முன்பு சிபிசிஎஸ்இஏ (CPCSEA) என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயரால் அறியப்பட்டு இப்போது சிசிஎஸ்இஏ (CCSEA) என்று பெயர் மாறியிருக்கும் அந்த மத்தியக் குழு, மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் இயங்குகிறது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. விலங்குகளுக்கு வதை இழைப்பதைக் குற்றமாக்கும் 11-ஆம் பிரிவிலிருந்து பரிசோதனைகள் விலக்கப்பட்டிருப்பது, அவை நான்காம் அத்தியாயத்தின் எல்லைக்குள் வருவதனால்தான். ஒப்புதலே இல்லாத 12 எலிகள் மீது செய்யப்பட்டவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. அந்த வாதத்துக்கு உங்கள் பெயர் இலக்காக வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு தகராறில் ஓர் ஆய்வாளருக்காக நான் டி படிவப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கான பதிவுகள் அனைத்தும் ஒரே நீல மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே அமர்வில் எழுதப்பட்டது போல இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே கையெழுத்து. கூண்டு அட்டையில் நான்கு எலிகள் என்றும் பதிவேட்டில் ஆறு என்றும் இருந்தது. விசாரணைக் குழுவின் முன் என் கட்சிக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே அந்தப் பக்கங்கள் பேசிவிட்டன. தவறு நடந்ததை மறைக்க எழுதப்பட்ட பதிவேடு, தவறைவிட அதிகமாக ஒருவரைக் காயப்படுத்தும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. துறைத் தலைவருக்கு மரியாதையான, சுருக்கமான மின்னஞ்சல் ஒன்றை எழுதுங்கள். ஆய்வைத் தொடர உதவ விருப்பம் இருப்பதையும், ஆனால் முதன்மை ஆய்வாளர் மாற்றம் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும் நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வர முடியும் என்பதையும், அதற்கு முன் எலிகளின் இறப்பும் சேர்ப்பும் குழுவுக்கு அவராலேயே எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். வாய்மொழியாக மறுத்துவிட்டு வந்தால் நாளை அதற்குச் சான்றே இருக்காது. அவர் தெரிவிக்க மறுத்தால், குழுவின் உறுப்பினர்-செயலருக்கு நீங்களே எழுதலாம். உங்கள் துறைத் தலைவர் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தால், தம் சொந்தத் திட்டம் பேசப்படும்போது அவர் முடிவெடுப்பதில் கலந்துகொள்ளக்கூடாது. குழுவில் கால்நடை மருத்துவர், நிறுவனத்துக்கு வெளியே உள்ள அறிவியலாளர், அறிவியல் துறை சாராத சமூக அக்கறையுள்ள உறுப்பினர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோரும் இருப்பதால், இந்த விஷயத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம் என்று எவரும் எண்ணக்கூடாது.

குழு மாற்றத்தை ஏற்று, நீங்கள் பயிற்சியும் பெற்று, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையும் எழுத்தில் உறுதியான பிறகு, அந்த நாளின் தேதியோடு பொறுப்பேற்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. பொறுப்பேற்கும் நாளன்று விலங்குக் கூடத்தில் உள்ள எலிகளைக் கூண்டு கூண்டாக எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, கூடத்தின் பொறுப்பாளரோடு சேர்ந்து கையொப்பமிட்ட ஓர் இருப்பு அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதலுக்கு வெளியே பெறப்பட்ட தரவுகளை மாணவர் ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்பதைக் குழுவின் எழுத்துபூர்வ முடிவுக்கு விடுங்கள். ஆய்விதழ்கள் ஒப்புதல் எண்ணையும் விலங்குகளின் எண்ணிக்கையையும் கேட்பதால், இன்று மறைத்தால் கட்டுரை வெளியான பிறகு திரும்பப் பெற வேண்டிய நிலை மாணவருக்கே வரலாம். அவருடைய எதிர்காலத்தையும் நினைத்தே இதைச் சொல்கிறேன்.

வேலையைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. பொய்த் தேதியிட்ட ஆவணத்தில் கையொப்பமிட மறுப்பது எந்தப் பணி விதியின் கீழும் ஒழுங்கீனம் ஆகாது; சட்டத்துக்கு மாறான கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை ஊழியருக்கு இல்லை. இதைக் காரணமாக்கி உங்கள் மீது குறிப்பாணை வந்தால், மேற்சொன்ன மின்னஞ்சலே உங்கள் முதல் ஆவணம். அதன் நகலைப் பல்கலைக்கழக முகவரியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாணைக்கு விளக்கம் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

கடைசியாக, கூண்டில் இப்போது உயிரோடு இருக்கும் அந்த 40 எலிகள். கணக்கைச் சரிசெய்வதற்காகக் கூடுதல் 12 எலிகளைக் கொன்றுவிடும் யோசனை யாருக்காவது வரக்கூடும்; அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். பரிசோதனைக்குப் பிந்தைய பராமரிப்புக்கும் மறுவாழ்வுக்கும் ஆய்வாளரே பொறுப்பு, அதன் செலவும் ஆய்வுச் செலவின் பகுதி என்கின்றன விதிகள். விலங்கு செயலிழந்து தானாக நடமாட முடியாமற்போவது, தொடர்ந்து கடும் வலியில் துன்புறுவது, அதை உயிரோடு விடுவது பிற உயிர்களுக்கு ஆபத்தாவது போன்ற வரையறுத்த நிலைகளில் மட்டுமே கருணைக்கொலைக்கு இடமுண்டு. இந்தப் பதிலைப் படித்த அன்றே, கால்நடை மருத்துவர் அந்த 40 எலிகளையும் பார்வையிட்டு, ஒவ்வொன்றின் எடையையும் நிலையையும் குறித்துவைக்க வேண்டும் என்று கூடத்தின் பொறுப்பாளரை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்க நீங்கள் முதன்மை ஆய்வாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை.